குச்சிக் கணக்கு

ஆறு என்று சொன்னேன். ஏழு சாப்பிட்டிருந்தேன்.

இடம், ஸ்பெயினின் வடகரையில் பாஸ்க் மக்களின் ஊரான ஸான் ஸெபாஸ்தியான். அவர்கள் மொழியில் தொனோஸ்தியா. பழைய நகர்ப் பகுதியில் ஒரு மதுக்கடை. நீண்ட மரக் கவுண்டர், அதன் மேல் தட்டுத் தட்டாகத் தின்பண்டம். துண்டு ரொட்டியின் மேல் மீனோ முட்டையோ நண்டுச் சதையோ பன்றித் தொடைச் சீவலோ வைத்து, நழுவாமலிருக்க ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகியிருப்பார்கள். பின்ச்சோ என்று பெயர். குத்துவது என்று பொருள்படும் ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்தது. வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடலாம். பழைய வழக்கப்படி நடக்கிற கடைகளில் யாரும் எழுதி வைப்பதில்லை. கிளம்பும்போது கடைக்காரர் எத்தனை என்று கேட்பார். நாம் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் வாங்கிக்கொள்வார். குச்சிகளைத் தட்டிலேயே சேர்த்து வைத்துக்கொண்டால் நமக்கு ஞாபகமிருக்கும்.

தெருவுக்கு வந்து இருபதடி நடந்திருப்பேன். மார்ச் மாதத் தூறல். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபோது ஒரு குச்சி விரலில் குத்தியது. ஏழாவது. அதை நான் எப்போது பைக்குள் போட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்வது நிஜம்தானா என்பதும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தெரியாமையைப் பற்றியது.

*

வங்கியில் பதினோரு வருஷம். அதில் ஆறு வருஷம் கேஷ் கவுண்டர். சாயங்காலம் கணக்கு டாலி ஆகாமல் எழுந்திருக்க முடியாது. பத்து ரூபாய் உதைத்தாலும் எல்லாச் சீட்டையும் திரும்பப் புரட்ட வேண்டும். இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த ஒரே தத்துவம் இது: கவுண்டரில் ஐந்நூறு குறைத்துக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவார். ஐந்நூறு கூடக் கொடுத்துவிட்டால் அனேகமாக வருவதில்லை. வராதவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலோர் வீட்டுக்குப் போய் எண்ணுவதே இல்லை. குறைகிறதோ என்று சந்தேகம் வந்தால்தான் மனிதன் எண்ணுகிறான். கூடியிருக்கலாம் என்ற சந்தேகம் அவனுக்கு இயற்கையாக வருவதில்லை. மறதிக்கு ஒரு சாய்வு உண்டு. அது நம் பக்கமாகத்தான் சாய்கிறது.

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சித்தம், தீர்மானம், இச்சை என்றெல்லாம் பேசுகிறார்கள். பொய் சொல்லுவதா வேண்டாமா என்று ஒருவன் நின்று யோசிப்பது போலவும், யோசித்து முடிவெடுப்பது போலவும். நான் யோசிக்கவில்லை. கடைக்காரர் கேட்டார், ஆறு என்று வாயில் வந்தது. என் மனச்சாட்சி தூங்கிக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. விழித்துக்கொண்டு, முன்னாலிருந்த ஆறு குச்சிகளை எண்ணி, சரிபார்த்து, திருப்தியும் அடைந்தது. தவறு அதற்கு முன்பே, எந்தக் குச்சி தட்டில் இருக்கும், எந்தக் குச்சி பைக்குள் போகும் என்ற இடத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

*

அந்த ஏழாவது எது என்பது நன்றாக ஞாபகமிருக்கிறது. ஹில்டா என்று அதற்குப் பெயர். ஒரே குச்சியில் ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி இனத்து மீன், ஓர் ஆலிவ். ரொட்டிகூடக் கிடையாது. 1940களில் இந்த ஊர் மதுக்கடை ஒன்றில் உருவானது. 1946இல் வந்த, ரீட்டா ஹேவொர்த் நடித்த படத்தின் பெயரை வைத்தார்கள். பச்சையும் உப்பும் உறைப்புமாக இருக்கிறாள் என்று. ஸ்பானிஷில் பச்சை என்பதற்குக் கொஞ்சம் ஆபாசம் என்றும் பொருள். ஃபிராங்கோவின் தணிக்கைக் காலத்தில் ஒரு மிளகாயின் பெயரில் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது போலும். நம் நாக்குக்கு அந்த மிளகாயில் உறைப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும்போது உப்பு முதலில் வந்து, புளிப்பு அதை வெட்டி, மீனின் எண்ணெய் கடைசியில் நாக்கில் படர்கிறது. கூடவே சக்கோலி. அந்தக் கடற்கரைச் சரிவுகளில் விளையும் திராட்சையின் வெள்ளை ஒயின். இளசு, சுருக்கென்ற புளிப்பு, லேசான நுரை. புட்டியை உயரத் தூக்கி, அகன்ற கிளாஸில் தாரையாக விழவிடுகிறார்கள். நம்ம ஊர் டீக்கடையில் ஆற்றுகிற மாதிரிதான், ஆனால் ஒரே ஒரு தடவை. இரண்டு வாய்க்குமேல் ஊற்றுவதில்லை. அதைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கிறார்கள்.

சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்குச் சந்தோஷத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அவஸ்தையைப் பற்றி எழுதினால்தான் எழுத்து என்பதுபோல. எனக்கும் உண்டு. குடிப்பது என்பதை ஒளிந்து, அவசரமாக, முடித்துவிட வேண்டிய காரியமாகவே அறிந்து வளர்ந்தவன் நான். அங்கே பாட்டி, பேரன், நாய் எல்லாருமாக நிற்கிற கடையில், பட்டப்பகலில், கையில் கிளாஸோடு நிற்பது முதலில் பயமாகவும் பிறகு சுகமாகவும் இருந்தது. இந்தச் சுகத்திலேதான் ஏழாவது குச்சி பைக்குள் போயிருக்க வேண்டும்.

அந்த ஊரில் பௌதிக ஆராய்ச்சி செய்கிற கல்லூரி நண்பனின் விருந்தாளியாகத்தான் போயிருந்தேன். அவனிடம் சொன்னேன். சிரித்தான். “அதெல்லாம் விலையிலேயே சேர்த்திருப்பான்டா. நூற்றுக்கு இத்தனை பேர் குறைத்துச் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் உன்னை நம்பவில்லை, சராசரியை நம்புகிறான்.”

இது லேசான வாதமில்லை. வங்கியும் இதைத்தான் செய்கிறது. வராக்கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கடன் கொடுக்கிறது. ஆனால் நண்பன் சொன்னதன் முழு அர்த்தம் அவனுக்கே உறைக்கவில்லை. கடைக்காரர் சராசரியை நம்புகிறார் என்றால், என் ஒரு குச்சியை அவர் இழக்கவில்லை. ஏழு சாப்பிட்டு ஏழு என்று சொன்ன யாரோ ஒருவர், என் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற பாட்டியாகக்கூட இருக்கலாம். நம்பிக்கை பொய்யென்றாலும் கடன் நிஜம்தான். யாரிடம் பட்ட கடன் என்பதுதான் மாறுகிறது.

இரண்டு நாள் கழித்து ஊருக்கு வெளியே ஆஸ்திகர்ராகாவுக்கு அழைத்துப் போனான். ஆப்பிள் மது வடிக்கிற ஊர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் வரை புதுப் பீப்பாய்களைத் திறக்கிற பருவம். வீட்டுக்காரர் ‘ச்சொச்’ என்று கூவுகிறார். எல்லாரும் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ப் பீப்பாய் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஆள் உயரப் பீப்பாயிலிருந்து நூலாகப் பீறிடும் மதுவைக் கிளாஸை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ச்சொச் என்றால் பீப்பாய்த் துளையை அடைக்கிற சின்னக் குச்சி என்று நண்பன் சொன்னான். இங்கும் குச்சி. ஆனால் எண்ண வேண்டியதில்லை. உப்புக்கண்டக் காட் மீன் போட்ட ஆம்லெட், பச்சைக் குடைமிளகாயோடு வறுத்த காட் மீன், கனத்த மாட்டிறைச்சித் துண்டம், கடைசியில் செம்மறிப் பால் சீஸும் அக்ரூட்டும் என்று வழக்கமான சாப்பாடு, ஒரே விலை, மது எவ்வளவு வேண்டுமானாலும். அங்கே நான் நிம்மதியாக இருந்தேன். நல்லவனாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் நல்லவனாகவும் கெட்டவனாகவும் இருக்க வழியில்லை.

*

நம்பிக்கையைப் பற்றி அந்த ஊர் பெருமைப்படலாம். நண்பர் குழு ஒன்று கடை கடையாகப் போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் பொதுப் பணத்தில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுகிறது. சமையல் சங்கங்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. உறுப்பினருக்குச் சாவி உண்டு. தானே போய்ச் சமைத்து, நிலவறையிலிருந்து ஒயின் எடுத்து, என்ன எடுத்தோம் என்று தானே சீட்டெழுதிப் பணத்தை வைத்துவிட்டுப் போகிறார். மேற்பார்வை கிடையாது. ஃபிராங்கோவின் ஆட்சியில், பாஸ்க் மொழி பள்ளியிலும் பொது இடத்திலும் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், இந்தச் சங்கங்களின் சுவர்களுக்குள் அதைப் பேசவும் பாடவும் முடிந்தது. ஒரு மொழி அடுப்படியில் உயிர் பிழைத்தது என்பதைக் கேட்டால் நமக்கு நெஞ்சு நெகிழும்.

நெகிழ்ந்த பிறகு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அடுப்படிக்குள் பெண்கள் நுழைய முடியாது. நெடுங்காலம் அதுதான் விதி. விருந்தாளியாக வந்து மேஜையில் உட்காரலாம், உறுப்பினராக முடியாது, சமையலறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டில் தினமும் சமைக்கிறவளைத்தான் இங்கே சமையலுக்கு அருகதையற்றவளாக வெளியே நிறுத்தினார்கள். இப்போது பல சங்கங்கள் மாறியிருக்கின்றன, மாறாதவையும் இருக்கின்றன. சீட்டெழுதிப் பைசா சுத்தமாகக் கணக்கு வைத்தவர்கள், யாரைக் கணக்கில் சேர்க்கவேயில்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கெட்டவர்கள் என்பதாலா? அவர்கள் தட்டில் இருந்த குச்சிகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன.

*

பழைய நகரின் நடுவில் ஒரு தெருவுக்கு 31 ஆகஸ்ட் தெரு என்று பெயர். 1813ஆம் வருஷத்து ஆகஸ்ட் 31. பிரெஞ்சுப் படை வசமிருந்த ஊரை வெல்லிங்டனின் ஆங்கில-போர்த்துக்கீசியச் சேனை மீட்ட நாள். மீட்க வந்த நேச நாட்டுப் படை ஊரைக் கொள்ளையடித்தது, பெண்களைச் சூறையாடியது, தீயில் ஊர் அழிந்தது. தப்பி நின்ற வீடுகள் ஏறக்குறைய இந்த ஒரு தெருவில்தான். நான் பி.ஏ.வில் படித்த ஆங்கிலச் சரித்திரத்தில் வெல்லிங்டன் ஸ்பெயினை விடுவித்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. ஸான் ஸெபாஸ்தியான் எரிந்தது அந்தப் பாடத்தில் இல்லை. அதுவும் ஒரு பைக்குள் போன குச்சி. இந்த ஊர் மறக்கவில்லை. வருஷா வருஷம் அன்று மாலை தெருவில் மெழுகுவத்தி ஏற்றுகிறது.

அதே தெருவில் லா செபா என்ற மதுக்கடையில், 1995 ஜனவரி 23ஆம் தேதி மதியம், கிரெகோரியோ ஓர்தோனியெஸ் என்ற நகர அரசியல்வாதி சகாக்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது 36. ஒருவன் உள்ளே வந்து தலையில் சுட்டுவிட்டுப் போனான். ஈட்டா இயக்கத்தின் கொலை. 1959இல் தொடங்கி 2018இல் தன்னைக் கலைத்துக்கொண்ட அந்த இயக்கம் கொன்றவர்கள் 800க்கும் மேல். எதிர்ப்பக்கம் 1983 முதல் 1987 வரை அரசின் உள்துறையே பின்னின்று இயக்கிய கொலைக் குழு ஒன்று 27 பேரைக் கொன்றது. இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வதும் குச்சியைப் பைக்குள் போடுவதுதான்.

மூன்று யூரோ விஷயத்தில் அன்னியனை நம்புகிற கவுண்டருக்கு முன்னால் ஒரு மனிதனைச் சுட முடிந்தது என்பதல்ல என்னை உறுத்துவது. கொலைகாரர்கள் எங்கும் இருக்கிறார்கள். பல வருஷங்கள், கொலைக்கு மறுநாளும், கவுண்டர்களில் தட்டுகள் நிறைந்தன, ஜனங்கள் சாப்பிட்டார்கள், எத்தனை என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள், அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. பயம் ஒரு காரணம். எல்லாருக்கும் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இந்த ஊரில் பிறந்த ஃபெர்னாந்தோ அரம்புரு 2016இல் எழுதிய ‘பாத்ரியா’ நாவல் இந்த மௌனத்தைத்தான் தன் விஷயமாக எடுத்துக்கொண்டது. ஸ்பெயின் முழுதும் அதைப் படித்தார்கள் என்றால், எண்ணாமல் விட்டது அவர்களுக்குள் எங்கோ குத்திக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

நாலு நாள் விருந்தாளிக்கு இதையெல்லாம் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் நானும் நின்று சாப்பிட்டேன். அந்த மேஜையைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் சாப்பிட்டது ஜீரணமாகிவிட்டது. குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னுடைய நோயின் பெரிய உருவத்தை அங்கே பார்த்தேன், அவ்வளவுதான்.

*

மறுநாள் பஸ்ஸில் கெதாரியா. மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். மீன்பிடி ஊர். வாசலிலேயே கரியடுப்பு வைத்து, கம்பிக் கூண்டில் முழுத் தட்டைமீனைப் பூட்டி வாட்டுகிறார்கள். உப்பு, எண்ணெய், வினிகர். வேறு மசாலா இல்லை. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் பேசாமல் நகர்ந்தோம். ஆனால் வாசனையை நின்று முகர்ந்தோம். சாப்பாட்டு வாசனைக்கு விலை கேட்டவனுக்குக் காசின் ஓசையைக் கொடுத்த தீர்ப்புக் கதை நம்மிடம் இருக்கிறதே, அது ஞாபகம் வந்து கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

மசாலா இல்லாத இந்த மீன் வேகிற ஊரில் பிறந்தவர்தான் மசாலாவுக்காக உலகைச் சுற்றியவர். ஹுவான் ஸெபாஸ்தியான் எல்கானோ. 1519இல் மெகல்லன் தலைமையில் ஐந்து கப்பல்கள், சுமார் 240 பேர். மெகல்லன் 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பரில் எல்கானோ தலைமையில் ஒரே கப்பல் திரும்பி வந்தது; அதிலிருந்து இறங்கியவர்கள் 18 பேர். பிடிபட்டும் பிரிந்தும் பிறகு ஊர் சேர்ந்தவர்கள் சிலர், பெரும்பாலோர் வரவேயில்லை. கப்பல் நிறையக் கிராம்பு. அதை விற்ற பணம் மொத்தப் பயணச் செலவையும் ஈடுகட்டியதாகச் சொல்கிறார்கள். ஒரு குமாஸ்தாவாக இந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வரவும் செலவும் சரி. டாலி. வராத மனிதர்கள் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. அதனால்தான் டாலி ஆனது.

எல்கானோவே கடனாளி. முன்பு போர்களில் தன் கப்பலோடு சேவை செய்தபோது அரசன் கூலி பாக்கி வைக்க, வாங்கிய கடனுக்காக அந்நியர்களுக்குக் கப்பலைக் கொடுத்து, அது குற்றமாகி நின்றவர். உலகைச் சுற்றி வந்த பிறகு மன்னிப்பும், கிராம்பும் ஜாதிக்காயும் பட்டையும் பொறித்த குலச் சின்னமும், வருஷத்துக்கு 500 டுகாட் மானியமும் அறிவிக்கப்பட்டன. சின்னம் கிடைத்தது. மானியம் வரவில்லை. 1525இல் மறுபடியும் கடலேறி, 1526இல் பசிபிக்கில் உயிலெழுதிவிட்டு இறந்தார். பாக்கிக்காக அவருடைய தாயார் வழக்காடினார். கொடுக்க வேண்டியவனின் ஞாபகம் அரசனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பெறவேண்டியவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

நம் சிறு வட்டத்தில் ரசனை என்பது பெரிய வார்த்தை. க.நா.சு. ரசனையையே விமர்சனத்தின் அளவுகோலாக வைத்தார். யாருடைய ரசனை, எதைத் தின்று வளர்ந்த ரசனை என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். இரண்டு தரப்பிலும் நான் இருந்து பார்த்தாயிற்று. சரித்திரம் தெரிந்த பிறகு ஹில்டாவின் ருசி மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். உப்பும் புளிப்பும் அப்படியேதான் இருந்தன. ருசி நிரபராதி, நாக்கு விசாரணை மன்றமில்லை. ஆனால் ருசித்தவன் என்ற முறையில் நான் எதை எதை எண்ணாமல் விட்டேன் என்பது ருசிக்கு வெளியேயுள்ள விவகாரம் என்றும் தள்ளிவிட முடியவில்லை. நல்ல விமர்சகன் என்று நான் மதிக்கிறவர்களிடம் கண்டது இதுதான்: தாம் ரசித்ததைச் சொல்கிறார்கள், ரசிக்கும்போது எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதையும் தட்டில் எடுத்து வைக்கிறார்கள். நாணயம் என்ற நம் சொல் காசையும் நேர்மையையும் ஒன்றாகச் சொல்கிறது. ரசனைக்கும் நாணயம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் குறைத்துச் சொன்னதைக் கண்டுபிடிப்பதில் நாம் எல்லாரும் சமர்த்தர்கள். நம் பத்திரிகைகளின் பின்பக்கச் சண்டைகளே சாட்சி. நமக்குக் கூடுதலாக வந்ததை எண்ணுவதில்தான் கை மந்தமாகிவிடுகிறது.

*

கிளம்புகிற அன்று காலை மூன்று யூரோவை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். அன்று இருந்தவர் இல்லை, ஓர் இளைஞன். நண்பனிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்த ஸ்பானிஷ் வாக்கியத்தை என் உச்சரிப்பில் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. குச்சியைக் காட்டினேன். சாப்பிட வேண்டுமோ என்று தட்டுகளைக் காட்டினான். தலையாட்டி மறுத்து, காசைக் கவுண்டரில் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினேன். முகம் மலர்ந்தது. காசை எடுத்து, பின்னாலிருந்த இனாம் டப்பாவில் போட்டான். எஸ்கெரிக் அஸ்கோ என்றான், நன்றி. கவுண்டரில் நின்ற ஒரு பெரியவரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

பட்ட கடனைத் தீர்க்கப் போனவன் தர்மப் பிரபுவாக வெளியே வந்தேன். தவறான கணக்கில் வரவு வைத்தாயிற்று. திருத்த எனக்கு அவர்கள் மொழி தெரியாது. வங்கியில் இப்படிப்பட்ட தொகைகளைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம், விளக்கம் கிடைக்கிறவரை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தத் தடவையும் பிழை என் பக்கமாகத்தான் சாய்ந்தது. அந்தப் பெரியவரின் புன்னகையை நான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். தெருவில் கொஞ்ச தூரம் சந்தோஷமாகக்கூட நடந்தேன்.